விலக்கப்பட்டது: ஒன்று

ஹிரோசாகியில் மூன்றாம் வாரமாய்ப் பனி.
நிலவறையில் ஆண்டு முழுதும் இருபத்துமூன்று டிகிரி.
பதினாறு கூண்டு, பதினாறு எலி.
எலி வளையானாலும் தனி வளை:
அந்த ஒன்றில் மட்டும்
நெறிமுறைக் குழுவுக்கும் பழமொழிக்கும்
சண்டையில்லை.

எட்டுக்குத் தீவனத்தோடு பொடி.
சாறு பிழிந்த தொழிற்சாலை வீசியெறிந்த
ஆப்பிள் சக்கையிலிருந்து எடுத்தது;
செங்கல் நிறம், நாக்கில் வைத்தால் துவர்க்கும்.
வைத்துப் பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதவில்லை.
மற்ற எட்டுக்கு வெறும் தீவனம்.

கேள்வி இவ்வளவுதான்:
பொடி தின்ற காலில்
பாய்ந்து ஓயும் வெள்ளை நார் குறைந்து
தாங்கி நடக்கும் சிவப்பு நார் கூடுமா?
சர்க்கரையைக் கொளுத்திச் சட்டென்று அணையும் உடம்பு
கொழுப்பை மெல்ல எரிக்கப் பழகுமா?
பேராசிரியர் மிகாமி மானிய விண்ணப்பத்தில்
'முதியோர் நலன்' என்று எழுதியிருந்தார்.
மாடிப்படியில் அவர் இரண்டு இடத்தில் நிற்பார்,
ஜன்னலைப் பார்ப்பதுபோல.

வியாழன்தோறும் ஓட்டம்.
பட்டை நகரும்; பின்னால் மின்கம்பி.
ஐந்தாம் முறை கம்பியைத் தொட்டால்
கடிகாரத்தை நிறுத்துவேன்.
பதினான்காம் எண், வெறுந்தீவனம்,
முதல் வாரமே கம்பிமேல் உட்கார்ந்துவிட்டது.
தொடவில்லை, உட்கார்ந்தது.
அதிர்ச்சியைத் தூறல்போல வாங்கிக்கொண்டு
என்னைப் பார்த்தது.

அன்றிரவு என் ஆப்பிளைச் சீவினேன்.
தோல் அறாமல் ஒரே சுருளாய் வந்தது.
கம்பி வழியே நீட்டினேன்.
இரண்டு கையாலும் பிடித்து,
குழாய் வாசிப்பவன்போல் நுனியிலிருந்து தின்றது.
மறுநாளும் கொடுத்தேன்.
ஒன்பது வாரம்.

ஒன்பதாம் வாரம் அது எழுபத்தொரு நிமிடம் ஓடியது.
மூச்சுப் பெட்டியில்,
வெளிவிட்ட கரியமில வாயுவை
உள்ளிழுத்த பிராணவாயுவால் வகுத்தால்
சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்குப் பூச்சியம் புள்ளி ஏழு.
அதன் கூட்டத்தார் ஒன்றை ஒட்டி நிற்க
பதினான்கு மட்டும் நழுவி நழுவி
ஏழை நோக்கிப் போயிருந்தது.
வரைபடத்தில் ஒரு புள்ளி
கல்யாண வீடு மாறி வந்தவன்போல் தனியே.
கருவியில் கோளாறு என்றான் மாணவன் ரின்தாரோ.
நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே கழுவிய குடுவை.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம்.

கல்லில் நார் உரிப்பது என்பார்கள்.
நான் பனிக்கட்டியில் நார் அரிகிறவள்.
விரலை நீட்டும் தசை, ஒரு துவரம்பருப்பு நீளம்,
திரவ நைட்ரஜனில் இறக்கி
பத்து மைக்ரான் கனத்தில் சீவி
அமிலத்தில் நனைத்துச் சாயம் ஏற்றினால்
மெதுநார் கறுக்கும், விரைநார் வெளுத்தே நிற்கும்.
ஒரு நகரத்தை இரவில் மேலிருந்து பார்ப்பதுபோல்,
எந்த வீட்டில் ஆள் இல்லை என்று எண்ண வேண்டும்.
வெறுந்தீவனத்தில் இருபதுக்கு ஒன்று கறுப்பு.
பதினான்கில் எட்டுக்கு ஒன்று.
மூன்று முறை எண்ணினேன்.
கழுத்து வலித்தது.

ஒரு சுருள் தோலில் எவ்வளவு இருக்கும்?
கணக்குப் போட்டேன்:
பொடியில் நாற்பதில் ஒரு பங்கு.
போதாது.
எப்படிப் போட்டாலும் போதாது.
அப்படியானால் எது?
தினம் இரவு ஒன்பதே முக்காலுக்கு
ஒரு காலடிச் சத்தம் கேட்டதா,
எழுந்து கம்பிக்கு வந்ததா, காத்திருந்ததா?
அதற்கு என்னிடம்
சாயம் இல்லை.

மாடிப்படியில், அவர் நிற்கும் இரண்டாம் இடத்தில்,
மிகாமியிடம் சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே யாரோ
கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
அவர் நெடுநேரம் மூச்சு வாங்கினார்.
கோபமா, படியா, தெரியவில்லை.

கட்டுரையில் இப்போது
'வெறுந்தீவனம், ஏழு எலிகள்' என்றிருக்கிறது.
அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.
அது நியாயம். நானே தட்டச்சு செய்தேன்.

ஆனால் அன்று படியில்
அவர் முதலில் கேட்டது வேறு:
"எந்த ரகம்?"

ஃபூஜி, என்றேன்.
தலையசைத்துவிட்டு
மிச்சப் படிகளை ஏறினார்.